கடவுளைக் கும்பிட்டு நாடியைப் பிடித்த வைத்தியர்: கேலன் வாழ்க்கை

ஓம் சரவணபவ 🙏



உடம்பு சரியில்லைன்னா முருகன்கிட்ட வேண்டிக்கிட்டா போதுமா, டாக்டரையும் பார்க்கணுமா? டாக்டரைப் பார்த்தா நம்பிக்கை குறைஞ்சிடுச்சுன்னு ஆகிடுமா? நம்ம பக்தர்கள் குரூப்கள்ல இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. நேரா பதில் சொல்றதை விட, ஒருத்தரோட வாழ்க்கையைச் சொன்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

அவர் பெயர் கேலன். தமிழர் இல்லை, முருக பக்தரும் இல்லை. சுமார் 1,900 வருஷங்களுக்கு முன்னாடி ரோமப் பேரரசில் பிறந்த கிரேக்க வைத்தியர். தன் குலதெய்வத்தின் மேல் பெரிய பக்தி வைத்திருந்தவர். அதே சமயம், ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்காமல் லேசில் ஒத்துக்கொள்ளாதவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

வைத்தியம் பார்க்கும் சாமி இருந்த ஊர்

கேலன் கி.பி. 129-இல் பெர்கமோன் என்ற நகரத்தில் பிறந்தார். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கும் பெர்காமாதான் அது. அங்கே அஸ்க்லெபியஸ் என்ற தெய்வத்துக்கு ரொம்பப் பிரபலமான ஒரு கோயில் இருந்தது. அஸ்க்லெபியஸ் கிரேக்கர்களின் வைத்தியக் கடவுள். கையில் ஒரு கோல், அதில் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். இன்னைக்கும் மருத்துவச் சின்னங்களில் பார்க்கிறோமே, அந்தப் பாம்பு சுற்றிய கோல் இவருடையதுதான்.

நோயாளிகள் தூர தேசங்களில் இருந்தெல்லாம் இந்தக் கோயிலுக்கு வருவார்கள். குளித்து, காணிக்கை செலுத்தி, இரவு கோயிலுக்குள்ளேயே படுத்துத் தூங்குவார்கள். கனவில் சாமி வந்து குணமாக்குவார், இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. காலையில் அந்தக் கனவைக் கோயில் ஆட்களிடம் சொல்லி, என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள்வார்கள். கனவில் வரும் வைத்தியம் பலவிதம்: பச்சைத் தண்ணீர்க் குளியல், பத்தியம், ஓட்டம், மருந்து. சிலருக்குப் பாட்டு எழுதச் சொல்லிக்கூட உத்தரவு வருமாம்.

குணமானவர்கள் கண், கை, கால் மாதிரி உருவங்களைச் செய்து கோயிலில் வைப்பார்கள். கொரிந்த் நகரத்து அஸ்க்லெபியஸ் கோயிலில் சுட்ட மண்ணில் செய்த இப்படிப்பட்ட உருவங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. நாம் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்துகிற மாதிரியேதான். அஸ்க்லெபியஸுக்குச் சேவலும் காணிக்கையாகக் கொடுப்பார்கள். சேவல்னு சொன்னதும் நமக்கு முருகன் கொடி ஞாபகம் வரும். அதுக்காக ரெண்டு சாமியும் ஒண்ணுதான்னு முடிச்சுப் போட்டு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. அதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம், கிரேக்க நாட்டில் இதற்கெல்லாம் பல நூறு வருஷங்கள் முன்பே வேறு ஒரு பாதையும் ஆரம்பித்துவிட்டது. கோஸ் தீவைச் சேர்ந்த ஹிப்போகிராடீஸ் பெயரில் வழங்கும் நூல்கள் கி.மு. 5-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. அதில் ஒன்று வலிப்பு நோயைப் பற்றியது. அந்தக் காலத்தில் வலிப்பு வந்தால் தெய்வக் குற்றம் என்று சொல்லி மந்திரிப்பார்கள். அந்த நூல் அதை மறுத்தது. மற்ற நோய்கள் மாதிரிதான் இதுவும், இதற்கும் உடம்புக்குள் காரணம் இருக்கிறது, மூளையில் இருந்துதான் வருகிறது என்றது.

இங்கே ஒண்ணு கவனிக்கணும். இந்த வைத்தியர்கள் நாத்திகர்கள் கிடையாது. ஹிப்போகிராடீஸ் பெயரில் இருக்கும் மருத்துவர் உறுதிமொழியே அப்போலோ, அஸ்க்லெபியஸ் என்று தெய்வங்களைச் சாட்சி வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. ஒரே ஊரில் கோயிலும் இருக்கும், வைத்தியரும் இருப்பார். ஜனங்கள் இரண்டு இடத்துக்கும் போவார்கள்.

அப்பா கண்ட கனவு

கேலனின் அப்பா நிகோன் கட்டடக் கலைஞர். வசதியானவர். கணிதம், வடிவியல், வானியல் எல்லாம் தெரிந்தவர். ரொம்பப் பொறுமைசாலி. அம்மா நேர் எதிர். கோபம் வந்தால் வேலைக்காரப் பெண்களைக் கடித்துவிடுவாராம், எப்போதும் சண்டை, சத்தம். இதைக் கேலனே எழுதி வைத்திருக்கிறார். ரெண்டு பேரையும் பார்த்து, அப்பா மாதிரி இருக்கணும்னு சின்ன வயசிலேயே முடிவு பண்ணிட்டாராம்.

மகனுக்குக் கணக்கை நிகோனே சொல்லிக் கொடுத்தார். 14 வயதில் தத்துவம் படிக்க அனுப்பினார். அப்போது நாலு பெரிய தத்துவப் பள்ளிகள் இருந்தன: பிளேட்டோ வழி, அரிஸ்டாட்டில் வழி, ஸ்டோயிக் வழி, எபிகூரஸ் வழி. நாலிலும் பாடம் கேட்க வைத்தார். ஆனால் எந்தப் பள்ளிக்கும் அவசரப்பட்டு அடிமையாகிவிடக் கூடாது, எல்லாவற்றையும் கேட்டு நிதானமாக எடை போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். இந்த அறிவுரை கேலன் கூடவே கடைசி வரை வந்தது.

பையன் தத்துவ அறிஞன் ஆவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கேலனின் 17-ஆம் வயதில் நிகோனுக்கு ஒரு கனவு வந்தது. மகனை வைத்தியம் படிக்க வைக்கச் சொன்னது அந்தக் கனவு. கணக்கும் கட்டடமும் தெரிந்த அந்த மனுஷன் கனவைத் தள்ளிவிடவில்லை. மகனைத் தத்துவத்தோடு சேர்த்து வைத்தியத்திலும் சேர்த்துவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய வைத்தியர்களில் ஒருவருடைய படிப்பு ஒரு கனவில் இருந்துதான் ஆரம்பித்தது.

கோயிலில் பார்த்த காட்சி

கேலனின் முதல் ஆசிரியர்களில் ஒருவர் சாடிரஸ் என்ற வைத்தியர். அந்தச் சமயத்தில் பெர்கமோன் கோயிலில் அரிஸ்டைடீஸ் என்ற பேர்போன சொற்பொழிவாளர் தங்கியிருந்தார். தீராத நோய்கள். சுமார் 2 வருஷம் அங்கேயே இருந்து, கனவில் சாமி சொன்னதை எல்லாம் அப்படியே செய்தார். கடும் குளிரில் ஆற்றில் குளிப்பது, பட்டினி, வெறுங்காலில் ஓட்டம், மீண்டும் மீண்டும் ரத்தம் எடுப்பது. சாடிரஸ் போய்ப் பார்த்து, இப்படி ரத்தம் எடுத்தால் உடம்பு தாங்காது, நிறுத்துங்கள் என்று எச்சரித்தார். சாமி உத்தரவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று அரிஸ்டைடீஸ் மறுத்துவிட்டார். மனம் இவ்வளவு உறுதியாகவும் உடம்பு இவ்வளவு பலவீனமாகவும் இருந்த ஆளுக்கு உதாரணமாக, பின்னாளில் கேலன் அவரைக் குறிப்பிட்டார்.

தன் ஊர் நோயாளிகளைப் பற்றிக் கேலன் சொன்ன இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். கோயிலில் சாமி 15 நாள் தண்ணீர் குடிக்காதே என்று உத்தரவு போட்டால் கீழ்ப்படிகிற அதே ஆட்கள், வைத்தியர்கள் சொல்வதை மட்டும் கேட்பதில்லை என்றார். நோயாளி மனதில் உறுதியான நம்பிக்கை இருந்தால் வைத்தியத்துக்கு அது எவ்வளவு உதவும் என்பதற்காக அவர் எழுதியது இது. நம்பிக்கைக்கு இருக்கிற பலம் அவருக்கு நல்லாவே தெரியும். அந்தப் பலத்தைத் தப்பான வைத்தியத்துக்குப் பின்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே பார்த்திருந்தார்.

அவர் கனவிலும் சாமி வந்தது

கேலனுக்கு 20 வயது ஆகும் சமயத்தில் அப்பா இறந்துபோனார். சொத்து இருந்தது. ஊரிலேயே சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவர் படிக்கக் கிளம்பினார். ஸ்மிர்னா, கொரிந்த், பிறகு எகிப்தில் அலெக்சாண்ட்ரியா. மனித எலும்புக்கூட்டை நேரில் பார்த்துப் படிக்க அந்தக் காலத்தில் அலெக்சாண்ட்ரியாதான் இடம். உடம்பைப் பற்றி ஏட்டில் படித்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று தன் மாணவர்களுக்கும் பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார்.

இளமையில் அவருக்கே தீராத வயிற்று வலி இருந்தது. அப்போது தெளிவாக இரண்டு கனவுகள் வந்தன. வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓடும் தமனியை வெட்டி, ரத்தம் தானாக நிற்கும் வரை விடும்படி அஸ்க்லெபியஸ் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அப்படியே செய்தார். நீண்ட நாள் வலி நின்றது என்று எழுதியிருக்கிறார். (தயவு செஞ்சு இதை யாரும் முயற்சி பண்ணாதீங்க. தமனியை வெட்டினா உயிருக்கே ஆபத்து.)

உயிரைக் குடித்திருக்கக்கூடிய ஒரு கட்டியில் இருந்தும் அந்தத் தெய்வம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று நம்பினார். அன்றிலிருந்து தன்னை அஸ்க்லெபியஸின் தொண்டன் என்று சொல்லிக்கொண்டார். பக்தர் என்று நாம் சொல்கிறோமே, அதே பொருள்தான்.

மல்லர்களின் காயம்

157-இல் ஊர் திரும்பினார். பெர்கமோனில் வாள் சண்டை போடும் கிளாடியேட்டர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வைத்தியரை நியமிப்பது தலைமைப் பூசாரியின் பொறுப்பு. அந்த வேலைக்காகக் கேலன் மற்ற வைத்தியர்கள் முன்னால் ஒரு குரங்கின் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்தார். இதைத் திரும்ப உள்ளே வைத்துத் தையல் போடுங்கள் என்று சவால் விட்டார். யாரும் முன்வரவில்லை. அவரே செய்து காட்டினார். வேலை கிடைத்தது.

விலங்குகளை அவர் வெட்டிச் சோதித்ததைப் படிக்கும்போது மனசு கஷ்டப்படத்தான் செய்யும். அன்றைய ரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதனால் குரங்கு, பன்றி, ஆடு என்று விலங்குகளை வைத்தே படித்தார்.

மல்லர்களின் வெட்டுக் காயத்தில் மதுவில் நனைத்த துணியை வைத்து, இரவு பகலாக அது காயாமல் பார்த்துக்கொண்டார். கிருமி என்று ஒன்று இருப்பது யாருக்குமே தெரியாத காலம். முன்பு இருந்த வைத்தியர்களை விடத் தன் கையில் இறந்தவர்கள் மிகக் குறைவு என்று பெருமையாக எழுதியிருக்கிறார். தற்பெருமைக்குக் கேலனிடம் குறைவே கிடையாது!

ரோம் நகரத்தில் சோதனைகள்

162-இல் ரோமுக்குப் போனார். தலைநகரம், ஏராளமான வைத்தியர்கள், கடும் போட்டி. அங்கேதான் அவருடைய சோதனை புத்தி முழுசா வெளியே வந்தது.

மனிதன் சிந்திப்பதும் பேசுவதும் எங்கிருந்து? இதயத்தில் இருந்து என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார், ஸ்டோயிக்குகளும் அப்படியே. பெரியவர்கள் சொன்னது, அதனால் பலர் நம்பினார்கள். கேலன் பெரிய மனிதர்கள் கூடிய சபையில் ஒரு பன்றியைக் கட்டிப் போட்டார். அது கத்திக்கொண்டே இருந்தது. குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்புகளைத் துண்டித்தார். பன்றி மூச்சு விட்டது, திமிறியது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. அந்த நரம்பு மூளையில் இருந்து வருகிறது. அப்படியென்றால் குரலை ஆள்வது இதயம் கிடையாது, மூளை.

சிறுநீர் விஷயத்திலும் இப்படித்தான். அது சிறுநீரகத்தில் இருந்து வருவதில்லை என்று வாதாடிய வைத்தியர்கள் இருந்தார்கள். கேலன் உயிருள்ள விலங்கில் சிறுநீரகத்தில் இருந்து பைக்கு வரும் இரண்டு குழாய்களையும் கட்டினார். பை காலியாகவே இருந்தது, கட்டுக்கு மேலே குழாய்கள் வீங்கின. கட்டை அவிழ்த்தார், பை நிறைந்தது. தமனிகளுக்குள் காற்றுதான் ஓடுகிறது என்று எரசிஸ்ட்ராடஸ் வழி வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் கீறினார். ரத்தம் வந்தது. விவாதம் முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜஸ்டஸ் என்பவருடைய மனைவியின் கதை. அந்த அம்மாவுக்கு இரவில் தூக்கம் இல்லை, படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பார், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல மாட்டார். உடம்பில் ஒன்றும் கோளாறு தெரியவில்லை. கேலன் அங்கே இருந்தபோது, தியேட்டரில் இருந்து வந்த ஒருவர் பிலாடீஸ் என்ற நடனக்காரரின் ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. உடனே நாடியைப் பிடித்தார், துடிப்பு தாறுமாறாக இருந்தது.

இந்த இடத்தில் வேற யாரா இருந்தாலும், நோயைக் கண்டுபிடிச்சாச்சுன்னு கிளம்பியிருப்பாங்க. கேலன் அப்படிப் போகவில்லை. மறுநாள் தன் ஆள் ஒருவரை வரச் சொல்லி, மார்ஃபஸ் என்ற வேறு நடனக்காரரின் பெயரைச் சொல்ல வைத்தார். நாடியில் மாற்றம் இல்லை. அடுத்த நாள் இன்னொரு நடனக்காரரின் பெயர். அப்போதும் இல்லை. நாலாவது நாள் திரும்பவும் பிலாடீஸ் பெயர். நாடி மறுபடி தாறுமாறானது. அப்போதுதான் இது மனசில் இருக்கும் ஆசையால் வந்த நோய் என்று முடிவுக்கு வந்தார். ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது இன்றைய ஆராய்ச்சியின் அடிப்படை. அதை வெறும் கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு செய்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி நோயைக் கணிக்கும் வைத்தியர்களை அங்கே மந்திரவாதி, குறி சொல்கிறவன் என்று ஏசினார்கள். போட்டி வைத்தியர்கள் தன்னையும் அப்படி ஏசியதாகக் கேலன் புலம்பியிருக்கிறார்.

தாயத்தையும் சோதித்தார்

கேலன் மந்திரத்தை நம்பினாரா என்றால், இல்லை. மூலிகையைப் பறிக்கும்போது சொல்ல வேண்டிய மந்திரங்களை எல்லாம் எழுதி வைத்திருந்த பாம்ஃபிலஸ் என்பவரின் நூலைக் கடுமையாகக் கிண்டல் செய்தார்.

ஆனால் வலிப்பு நோய் இருந்த ஒரு சிறுவன், பியோனி என்ற செடியின் வேரைக் கழுத்தில் கட்டியிருந்தான். வேர் இருந்த வரை வலிப்பு வரவில்லை. கேலன் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை, அப்படியே நம்பவும் இல்லை. ஒரு முறை வேர் கழுத்தில் இல்லாதபோது வலிப்பு வந்தது. திரும்பக் கட்டினார், நின்றது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே மறுபடி அவிழ்த்தார், மறுபடி வலிப்பு. வேரில் இருந்து நுண்ணிய துகள்கள் மூச்சு வழியே உள்ளே போயிருக்கலாம் என்று காரணம் யோசித்தார்.

அந்த முடிவு இன்று நிற்காது. ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, வலிப்பு தானாகவே வந்து வந்து போகக்கூடிய நோய். இருந்தாலும் கட்டு, அவிழ், மறுபடி கட்டு, என்ன நடக்கிறது என்று பார் என்ற முறை சரியான திசையில்தான் இருக்கிறது.

சக்கரவர்த்தியா, சாமியா?

166 வாக்கில் பேரரசு முழுவதும் ஒரு பெரிய கொள்ளைநோய் பரவியது. பெரியம்மை என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் கேலன் ரோமை விட்டுத் தன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போட்டியாளர்களின் பொறாமைதான் காரணம் என்று ஒரு இடத்தில் எழுதினார், கொள்ளைநோயையும் வேறு ஒரு இடத்தில் குறிப்பிட்டார். வைத்தியர் ஓடிப்போனார் என்ற பழி இன்று வரை அவர் மேல் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கொஞ்ச நாளில் சக்கரவர்த்தி மார்கஸ் ஆரேலியஸிடம் இருந்து அழைப்பு வந்தது. இத்தாலியின் வடக்கில் அக்விலேயா நகரத்தில் படை முகாமிட்டிருந்தது, அங்கேயும் நோய் பரவியது. 169-இல் இணைச் சக்கரவர்த்தி லூசியஸ் வீரஸ் இறந்தார். ஜெர்மானியப் போருக்குத் தன்னோடு வரச் சொல்லி மார்கஸ் கேலனைக் கூப்பிட்டார். தன் குலதெய்வம் அஸ்க்லெபியஸ் வேறு உத்தரவு கொடுத்திருக்கிறார் என்று கேலன் சொன்னார். சக்கரவர்த்தி மறுபேச்சு பேசவில்லை. மகன் கொமோடஸின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ரோமிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இது நிஜமான பக்தியா, போருக்குப் போகாமல் தப்பிக்கச் சொன்ன சாக்கா? ரெண்டு விதமாவும் சொல்றவங்க இருக்காங்க. கனவைக் கேட்டு உடம்பையே வெட்டிக்கொண்டவர் என்பதால் பக்தியை முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. உத்தரவு அவருக்கு வசதியாக வந்தது என்பதையும் மறுக்க முடியாது. பக்தர்கள் நாமும் சாமி பெயரைச் சொல்லி ஒரு வேலையைத் தட்டிக் கழிக்கும்போது இதை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கலாம்.

176 வாக்கில் மார்கஸுக்கு இரவில் திடீரென்று உடம்பு முடியாமல் போனது. காய்ச்சல் ஆரம்பிக்கிறது என்றார்கள் மற்ற வைத்தியர்கள். கேலன் நாடி பார்த்து, காய்ச்சல் இல்லை, சாப்பிட்டது வயிற்றில் தங்கிவிட்டது என்றார். நறுமண எண்ணெயில் நனைத்த சூடான கம்பளியை வயிற்றில் வைக்கச் சொன்னார். குணமானது. சக்கரவர்த்தி அவரை வைத்தியர்களில் முதல்வர் என்று பாராட்டினார். இதையும் கேலன்தான் நமக்குச் சொல்கிறார்!

எரிந்து போன ஏடுகள்

192-இல் ரோமில் பெரிய தீ விபத்து. அமைதிக் கோயிலும் அதன் பக்கத்தில் இருந்த கிடங்குகளும் எரிந்தன. ஒரு கிடங்கில்தான் கேலனின் நூல்கள், மருந்துச் சரக்குகள், அவரே வடிவமைத்த கருவிகள் எல்லாம் இருந்தன. பிரதி எடுக்காத நூல்கள் நிரந்தரமாகப் போய்விட்டன. பேக்கப் இல்லாம வருஷக்கணக்கான வேலை ஒரே ராத்திரியில போனா எப்படி இருக்கும்? மற்றவர்கள் இடிந்துபோனார்கள். கேலன் கலங்காமல் திரும்ப எழுத உட்கார்ந்தார். இவ்வளவு இழந்தும் எப்படி வருத்தப்படாமல் இருக்கிறீர்கள் என்று கேட்ட நண்பருக்கு நீண்ட கடிதம் ஒன்றும் எழுதினார். அந்தக் கடிதம் தொலைந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2005-இல் கிரீஸ் நாட்டின் தெஸ்ஸலோனிகி நகரத்து மடம் ஒன்றில் கிடைத்தது.

உடம்பைப் படிப்பதே பூஜை

கேலன் எழுதியதில் நம்ம மாதிரி பக்தர்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது, உடல் உறுப்புகளின் பயன் பற்றிய நூல். 17 பாகங்கள். கையில் ஆரம்பிக்கிறது. விரல்கள் ஏன் இப்படிப் பிரிந்திருக்கின்றன, கட்டை விரல் ஏன் எதிர்ப் பக்கம் மடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் போகிறது. எங்கே பார்த்தாலும் படைத்தவனின் அறிவு தெரிகிறது என்பது அவர் வாதம்.

இந்த நூலைக் கடவுளுக்குச் செலுத்தும் துதி என்றே அவர் நினைத்தார். நூற்றுக்கணக்கில் காளைகளைப் பலி கொடுப்பதையும் வாசனைப் புகை போடுவதையும் விட, படைத்தவனின் அறிவையும் ஆற்றலையும் நல்ல மனதையும் முதலில் தான் தெரிந்துகொண்டு, பிறகு மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவதுதான் உண்மையான பக்தி என்று எழுதினார்.

கேலன் வாழ்க்கையில பக்தியும் சோதனையும் ஏன் மோதிக்கலைன்னு கேட்டா, என் பதில் இதுதான். நரம்பைத் தேடுவதும் நாடியைப் பிடிப்பதும் அவருக்குக் கடவுள் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது. பார்த்ததை ஒழுங்காகப் பார்க்காமல் தப்பாகச் சொன்னால், அது கடவுள் மேலேயே பொய் சொன்ன மாதிரி.

அவரையே சாமி ஆக்கினார்கள்

இன்றைய ஆய்வாளர்கள் கணக்குப்படி கேலன் 80 வயதைத் தாண்டி, கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமானார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஷாக்கும் அவர் குழுவினரும் கேலனின் நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபியிலும் மொழிபெயர்த்தார்கள். அரபியில் அவர் பெயர் ஜாலினூஸ். அந்த வழியில் வளர்ந்து இந்தியாவுக்கு வந்ததுதான் யுனானி மருத்துவம். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அதன் வேர் கேலன் வரை போகிறது.

ஐரோப்பாவில் 1,300 வருஷங்களுக்கு மேல் கேலன் சொன்னதே வேதம். அங்கேதான் சிக்கல் வந்தது. அவர் நிறையத் தப்பும் பண்ணியிருந்தார். விலங்கில் பார்த்ததை மனிதனுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார், ஒன்றுதான். சில விலங்குகளின் மூளைக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய் வலை மனிதனுக்கும் உண்டு என்றார், கிடையாது. இதயத்தின் நடுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ரத்தம் போகிறது என்றார், அதுவும் இல்லை. ரத்தம் எடுக்கும் வைத்தியத்தை அவர் ஆதரித்ததால், பல நூற்றாண்டுகள் எத்தனையோ நோயாளிகள் தேவையில்லாமல் ரத்தம் இழந்தார்கள்.

1543-இல் வெசாலியஸ் மனித உடலை அறுத்துப் பார்த்துப் பல தப்புகளைக் காட்டினார். 1628-இல் ஹார்வி, ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிரூபித்தார். அப்போதும் கேலன் எப்படித் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எந்தப் பள்ளிக்கும் அடிமையாகாதே என்று அப்பா சொல்லி வளர்த்த பையன் பெயரிலேயே ஒரு பள்ளி உருவாகி, அதற்கு எல்லோரும் அடிமையானார்கள். உண்மையில் கேலன் வழியில் நடந்தவர்கள், அவரைச் சோதித்துப் பார்த்த வெசாலியஸும் ஹார்வியும்தான்.

ஆக, குருட்டு நம்பிக்கை கோயிலில் மட்டும்தான் வரும்னு இல்லை. அறிவுன்னு பேர் வச்ச புத்தகத்து மேலயும் வரும்.

நமக்கு என்ன?

நம்ம போனுக்கு வாரா வாரம் ஏதாவது ஒண்ணு வருது. இந்தப் பாடலை 48 நாள் கேட்டா சுகர் போயிடும், இந்த விபூதியைத் தண்ணியில கலந்து குடிச்சா மாத்திரையே வேண்டாம், இதை 11 பேருக்கு அனுப்பினா நோய் தீரும். அனுப்புறவங்க கெட்டவங்க இல்லை, அன்புலதான் அனுப்புறாங்க. ஆனா அதைப் படிச்சிட்டு ஒரு அப்பாவோ அம்மாவோ பிரஷர் மாத்திரையை நிறுத்தினா, அந்த நஷ்டத்தை யார் ஈடு கட்டுறது?

வேண்டிக்கோங்க. விரதம் இருங்க, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாம இருங்க. சுகர், பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு இருங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி நெத்தியில விபூதி வச்சுக்கோங்க, ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. முருகன் கொடுக்கிற மனோதிடத்தை, மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுறதுல, பத்தியத்தை மீறாம இருக்கிறதுல காட்டுங்க. 15 நாள் தண்ணியில்லாம இருக்க முடிஞ்ச அந்த நம்பிக்கை நம்மகிட்டயும் இருக்கு. அதை டாக்டர் சொல்ற 15 நிமிஷ நடைக்குக் கொடுத்தாலே பாதி நோய் கட்டுக்குள் வந்துடும்.

அடுத்த தடவை வைத்தியம் பத்தி ஏதாவது ஃபார்வர்டு வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. உடம்பு முடியாம மருந்தை நிறுத்தி வச்சிருக்கிற யாராவது உங்க வீட்ல இருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.

எல்லோருக்கும் நோயற்ற வாழ்வு கிடைக்க முருகன் அருள் புரியட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏